ஒட்டவும் கூடாது, உரியவும் கூடாது

சென்னையிலிருந்து கொல்கத்தா நெடுஞ்சாலையில் வடக்கே சுமார் 45 கிலோமீட்டர் போனால் கும்மிடிப்பூண்டி. சிப்காட் வளாகத்து உருக்காலைகளையும் ரோலிங் மில்களையும் விட்டு மேற்கே உள்ளே போனால் தேர்வாய் கண்டிகை. சென்னைக்குக் குடிநீர் தருவதற்காக 2020-ல் திறந்த நீர்த்தேக்கம் இந்த ஊரின் பெயரைப் பத்திரிகைகளில் அடிக்கடி வரவைத்தது. அதற்கு முன்பே, 2009-ல், பிரான்ஸ் நாட்டு மிஷலின் நிறுவனம் இங்கே டயர் ஆலை அமைக்கத் தமிழக அரசோடு ஒப்பந்தம் போட்டிருந்தது. சிப்காட்டுக்கு எடுத்தது எங்கள் மேய்ச்சல் நிலம் என்று ஊர் மக்கள் போராடியதும், அந்தப் புகார் பிரான்ஸ் வரை போனதும் தனிக் கதை. அதை வேறொரு சமயம் எழுத வேண்டும். எந்த ஊர் டயர் ஆலையானாலும் தீர்த்தே ஆக வேண்டிய சிக்கல் ஒன்று உண்டு. அச்சில் வெந்த டயர் எதிலும் ஒட்டிக்கொள்ளாமல் வெளியே வர வேண்டும். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

பல அடுக்கு ரப்பர், நூல், எஃகுக் கம்பி எல்லாம் சேர்த்துக் கட்டி, இன்னும் வேகாமல் இருக்கும் டயரைத் தொழிலில் ‘கிரீன் டயர்’ என்பார்கள். அதை எஃகு மோல்டுக்குள் வைத்து, அதன் உட்புறத்தில் பியூட்டைல் ரப்பரால் ஆன ஒரு பையை விடுவார்கள். அதுதான் ‘பிளாடர்’. பிளாடருக்குள் நீராவியோ சூடான வாயுவோ பாய்ச்சினால் அது உப்பி, கிரீன் டயரை மோல்டின் சுவரோடு அழுத்தும். வெப்பம் 150 டிகிரி செல்சியஸுக்குக் குறையாது. கார் டயருக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் போதும். லாரி டயருக்கு இன்னும் நேரம் பிடிக்கும். அதற்குள் ரப்பரில் கலந்திருக்கும் கந்தகம், ரப்பர் சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைத்து முடித்துவிடும்.

இரண்டு பொருள் ஒட்டிக்கொள்ள இதைவிடத் தோதான சூழ்நிலையை யாராலும் ஏற்பாடு செய்ய முடியாது. ரப்பர் மேல் ரப்பர். சூடு, அழுத்தம், நேரம், போதாக்குறைக்குப் பிணைப்பு வேதியியல் வேறு. ஆனாலும் பிரஸ் திறந்ததும் பிளாடர் சுருங்கி, டயரைக் கிழிக்காமல் தனியே வர வேண்டும். அதே பிளாடர் நூற்றுக்கணக்கான டயர்களுக்கு இப்படியே வேலை செய்ய வேண்டும். இதற்காக கிரீன் டயரின் உட்புறத்தில் சிலிக்கோன் கலந்த திரவத்தை ஸ்பிரே செய்கிறார்கள். அல்லது பிளாடர் மேலேயே ஒரு சிலிக்கோன் பூச்சு ஏற்றுகிறார்கள். ஒருமுறை பூசினால் பல டயர்களுக்குத் தாங்கும்.

அதே சிலிக்கோன் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. ஸ்டிக்கர் பொட்டு அட்டையின் வழவழப்பு சிலிக்கோன்தான். பொட்டு நெற்றியில் நிற்கிறது, அட்டையில் நிற்க மறுக்கிறது. கடையில் ‘செராமிக்’ என்ற பெயரில் விற்கும் நான்-ஸ்டிக் தவாவில் இருக்கிறது. கப்பலின் அடிப்பகுதியில் பூசுகிறார்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் இந்த எல்லா இடத்திலும் ஒரே பூச்சு உதவாது. ஏன் உதவாது என்று பார்த்தால், ஒட்டாமை பற்றி விளம்பரங்களும், ஏன், நிறைய ஆய்வறிக்கைகளும் சொல்லித்தரும் பாடம் பாதிதான் என்பது தெரியும்.

முதலில் அந்தப் பாதியைப் பார்த்துவிடலாம். எந்தப் பொருளின் உள்ளே இருக்கும் மூலக்கூறும் எல்லாத் திசையிலும் அண்டை மூலக்கூறுகளால் இழுபடுகிறது. பரப்பில் இருக்கும் மூலக்கூறுக்கு மேல்பக்கம் அண்டை கிடையாது. ஈடுகட்டப்படாத அந்த இழுவிசையால் பரப்புக்கு வரும் கூடுதல் ஆற்றலைத்தான் பரப்பு ஆற்றல் என்கிறோம். அது அதிகமாக உள்ள பரப்பு, மேலே வந்து படும் எதையும் இழுத்து அணைத்துக்கொள்ளும். ஒரு துளி நீர் பரப்பில் பரவுமா, உருண்டு நிற்குமா என்பதையும் இதுதான் தீர்மானிக்கிறது. துளியின் விளிம்பு பரப்போடு உண்டாக்கும் தொடுகோணத்தை இந்த விசைகளோடு தொடர்புபடுத்தி 1805-லேயே எழுதிவிட்டார் தாமஸ் யங்.

திரவங்களில் பரப்பு இழுவிசை என்று சொல்லப்படும் இந்த அளவு, நீருக்கு மீட்டருக்குச் சுமார் 73 மில்லிநியூட்டன். சமையல் எண்ணெய்க்கு 30-க்குச் சற்று மேலே. சுத்தமான உலோகத்துக்கும் அதன் ஆக்சைடுக்கும் பல நூறு. எபாக்சி பிசினுக்கு 45-ஐ ஒட்டி. சிலிக்கோனுக்கு 20 முதல் 22. டெஃப்லான் என்று நாம் சொல்லும் ஃபுளோரின் பாலிமருக்கு இன்னும் கொஞ்சம் குறைவு. சிலிக்கோன் மேல் நீர்த்துளியின் தொடுகோணம் 105 முதல் 110 டிகிரி வரை வரும். துளி உருண்டு நிற்கும்.

இவ்வளவு குறைவாக இருப்பதற்குக் காரணம் சிலிக்கோனின் கட்டமைப்பு. சிலிக்கனும் ஆக்சிஜனும் மாறி மாறி வரும் நீண்ட சங்கிலி அது. ஒவ்வொரு சிலிக்கன் அணுவிலும் இரண்டு மெத்தில் தொகுதிகள் தொங்கும். மல்லிகைச் சரத்தைத் தொடுபவர் கை பூவில்தான் படும், நாரில் படாது; அதுபோல வெளியிலிருந்து வரும் எதுவும் சிலிக்கோனில் மெத்திலைத்தான் தொடுகிறது. மெத்திலோ யாரோடும் சேராத சுபாவம். உள்ளே இருக்கும் சிலிக்கன்–ஆக்சிஜன் பிணைப்பு கண்ணாடியிலும் மணலிலும் இருக்கும் அதே உறுதியான பிணைப்பு. அதனால் சூட்டையும் தாங்குகிறது. அந்த முதுகெலும்பு ஏறக்குறைய தடையே இல்லாமல் முறுக்கிக்கொள்ளவும் வல்லது. மைனஸ் 125 டிகிரி வரைக்கும் அதன் சங்கிலிகள் விறைப்பதில்லை. அறை வெப்பத்தில் பூச்சாகப் படிந்திருக்கும்போதும் அதன் மேல்பரப்பு மூலக்கூறு அளவில் அலைந்துகொண்டே இருக்கிறது. இந்த அலைச்சலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நாட்டிங்காமில் பல ஆண்டுகள் சிலிக்கோன் சேர்மங்களோடு மல்லுக்கட்டிய வேதியியலாளர் ஃபிரெடெரிக் கிப்பிங், 1937-ல் ஆற்றிய ஒரு சொற்பொழிவில் இந்தத் துறைக்குப் பெரிய எதிர்காலம் இருப்பதாகத் தெரியவில்லை என்ற தொனியில் பேசினார். மூன்றே ஆண்டுகளில், அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தில் யூஜின் ரோக்கோ, செம்பை வினையூக்கியாக வைத்துச் சிலிக்கன் தூள் மேல் மெத்தில் குளோரைடு வாயுவைச் செலுத்தி, மலிவாகச் சிலிக்கோன் தயாரிக்க வழி கண்டுவிட்டார். இன்றும் உலகம் அந்த முறையில்தான் தயாரிக்கிறது.

இப்போது மீதிப் பாதி. பரப்பு ஆற்றல் மட்டுமே கணக்கு என்றால் டெஃப்லான்தான் எல்லாவற்றிலும் சிலிக்கோனை ஜெயிக்க வேண்டும். ஜெயிப்பதில்லை.

ரோஜா இதழில் நீர்த்துளி முத்தாக உருண்டு நிற்கும். தொடுகோணத்தை அளந்தால் தாமரை இலையோடு போட்டி போடும். ஆனால் இதழைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் துளி விழாது. தாமரை இலையிலோ லேசாகச் சாய்த்தாலே ஓடிவிடும். துளி எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பது ஒரு கேள்வி, அதை அங்கிருந்து கிளப்ப எவ்வளவு பாடு என்பது வேறொரு கேள்வி. இரண்டாவதற்கு விடை வேண்டுமென்றால் இரண்டு கோணங்களை அளக்க வேண்டும்: துளி முன்னேறும்போது ஒன்று, பின்வாங்கும்போது ஒன்று. இரண்டுக்கும் இடைவெளி எவ்வளவு அதிகமோ அவ்வளவு பிடிமானம். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் தாமஸ் மெக்கார்த்தி 2008-ல் இன்னொருவரோடு சேர்ந்து எழுதிய கட்டுரைக்கு, டெஃப்லான் நீரை விரும்பும் பொருள் என்ற அர்த்தத்தில் வேண்டுமென்றே குறும்பாகத் தலைப்பு வைத்தார். நீரை வெறுக்கும் பொருள் என்று எல்லோரும் உதாரணம் காட்டும் டெஃப்லான் மேலிருந்து நீரை இழுத்துப் பிரிக்க விசை தேவைப்படுகிறது என்பதை அதில் காட்டினார். அதே மெக்கார்த்தி 2016-ல் கண்ணாடி மேல் சிலிக்கோன் சங்கிலிகளை ஒரு முனையால் மட்டும் பிணைத்து, மறுமுனையை அலையவிட்டார். தொடுகோணம் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டு கோணங்களுக்கும் இடையிலான வேறுபாடு ஒரு டிகிரி அளவுக்குச் சுருங்கியது. நீர், எண்ணெய் எதுவானாலும் சறுக்கி ஓடியது. மேலே சொன்ன அலைச்சல்தான் காரணம். பிடித்துக்கொள்ள நிலையான ஓர் இடம் கிடைக்காதபோது துளியால் எங்கும் தங்க முடிவதில்லை.

திரவத்துக்கே இப்படி என்றால், ஒட்டிக் காய்ந்து கெட்டியான பொருளுக்குக் கணக்கு இன்னும் மாறும். அங்கே பூச்சின் மென்மை உள்ளே வருகிறது. இறுகப் பிடித்திருக்கும் பொருளை முழுப் பரப்போடு ஒரே நேரத்தில் யாரும் பெயர்ப்பதில்லை. ஓர் ஓரத்தில் விரிசல் தொடங்கி உள்ளே ஓடுகிறது. பூச்சு மென்மையாக இருந்தால் இழுக்கும்போது அது உப்பிக் கொடுத்து அந்த விரிசலுக்கு வழி விடுகிறது. பூச்சு எவ்வளவு தடிமனாக இருக்கிறதோ அவ்வளவு எளிதாகப் பிரியும் என்று 1971-ல் ஆய்வாளர் கெவின் கெண்டல் கணக்கோடு காட்டினார். பிரிக்கத் தேவையான விசை, பரப்பு ஆற்றலையும் விறைப்பையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வரும் எண்ணோடு ஒத்துப்போகிறது என்று 2000-ல் பிரேடி, சிங்கர் என்ற இரு ஆய்வாளர்கள் எழுதினார்கள். டெஃப்லானின் விறைப்பு சுமார் 500 மெகாபாஸ்கல், சிலிக்கோன் ரப்பருக்கு ஒன்றிரண்டு மெகாபாஸ்கல். நீங்களே பெருக்கிப் பாருங்கள்: பரப்பு ஆற்றலில் சற்றே தோற்கும் சிலிக்கோன், விறைப்பையும் சேர்த்தால் பத்து மடங்குக்கு மேல் ஜெயித்துவிடுகிறது.

பிரேடியும் சிங்கரும் மனதில் வைத்திருந்தது சமையலறையை அல்ல, கடலை. கும்மிடிப்பூண்டி இருக்கும் திருவள்ளூர் மாவட்டத்துக் கடற்கரைக்கு அது அந்நியமான விஷயம் இல்லை. எண்ணூரில் காமராஜர் துறைமுகம். அதற்கு வடக்கே காட்டுப்பள்ளியில் எல் அண்டு டி கப்பல் கட்டும் தளம். 2022 ஆகஸ்டில் அமெரிக்கக் கடற்படையின் சார்லஸ் ட்ரூ என்ற சரக்குக் கப்பல் பழுதுபார்ப்புக்காக அங்கே வந்தபோது, அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்று இந்தியாவுக்குப் பழுதுபார்க்க வருவது முதல்முறை என்று செய்தி வந்தது. எந்தக் கப்பல் டாக்கில் ஏறினாலும் முதல் வேலைகளில் ஒன்று அடிப்பகுதியைச் சுத்தம் செய்வது. கொட்டலசு எனப்படும் சுண்ணாம்பு ஓட்டுச் சிற்றுயிர்கள், பாசி, சிப்பி எல்லாம் அங்கே குடியேறியிருக்கும். கப்பலை அவை பின்னுக்கு இழுக்கும், எரிபொருள் செலவு ஏறும். இவற்றைக் கொல்ல வெள்ளீயச் சேர்மம் கலந்த பெயின்டைத்தான் உலகம் நெடுங்காலம் அடித்துக்கொண்டிருந்தது. அது கடலையே நஞ்சாக்குகிறது என்று தெரிந்து, 2001-ல் எழுதப்பட்டு 2008-ல் அமலுக்கு வந்த சர்வதேச உடன்படிக்கை அதைத் தடை செய்தது. மாற்றாக வந்தவற்றுள் சிலிக்கோன் பூச்சும் ஒன்று. அது எதையும் கொல்வதில்லை. ஒட்ட வருவதைத் தடுப்பதும் முழுமையாக இல்லை. ஒட்டியதைக் கப்பலின் வேகத்தில் நீரே அடித்துச் செல்லும்படி விட்டுவிடுகிறது. அதனால்தான் விரைந்து ஓடும் கப்பலுக்கு அது பொருந்துகிறது, மாதக்கணக்கில் நங்கூரமிட்டுக் கிடப்பதற்குப் பொருந்துவதில்லை.

இவ்வளவு நல்ல பொருளை ஏன் வேறொன்றோடு கலக்க வேண்டும்? யாரோடும் ஒட்டாதது தனக்குக் கீழே இருக்கும் உலோகத்தோடு மட்டும் எப்படி ஒட்டும்? சிலிக்கோனின் பெருமையே அதன் சங்கடம். வெறும் சிலிக்கோனைத் தவாவில் தடவினால் நகத்தால் சுரண்டி எடுத்துவிடலாம். கப்பலில் தடவினால் டாக்கின் மரக்கட்டை பட்டாலே கிழியும். மேல்முகம் யாரையும் சேர்க்கக் கூடாது, கீழ்முகம் உலோகத்தை விடவே கூடாது, நடுப்பகுதி கரண்டியைத் தாங்க வேண்டும். இந்த மூன்றையும் ஒரே பூச்சில் கேட்பதால்தான் கலப்பினப் பூச்சுகள் வந்தன.

அதற்கு ஒரு வழி சிலிக்கனின் கைகளை எண்ணுவது. சிலிக்கன் அணுவுக்கு நான்கு கைகள். இரண்டு கைகள் ஆக்சிஜனையும் இரண்டு மெத்திலையும் பிடித்தால் நீளமான, நெகிழும் சங்கிலி, அது சிலிக்கோன். நான்கும் ஆக்சிஜனைப் பிடித்தால் மணலும் கண்ணாடியும். மூன்று கை ஆக்சிஜனையும் ஒரு கை மெத்திலையும் பிடித்தால் இரண்டுக்கும் நடுவே, வலைபோல் பின்னிய கெட்டியான பொருள். மெத்தில்ட்ரைஎத்தாக்ஸிசிலேன் போன்ற ஒரு திரவத்தை நீரும் சிறிதளவு அமிலமும் சேர்த்துக் கலக்கினால் அது எத்தனாலை வெளிவிட்டு இப்படிப் பின்னத் தொடங்கும். நுண்ணிய சிலிக்கா துகள்களையும் அதில் சேர்த்து, கிரிட் பிளாஸ்டிங் செய்த அலுமினியத்தின் மேல் ஸ்பிரே பண்ணி, 200 டிகிரிக்கு மேல் சுட்டால் தலைமுடியின் பாதித் தடிமன்கூட இல்லாத கடினமான பூச்சு கிடைக்கும். சுடும்போது அதன் கீழ்ப்பக்கம் அலுமினியம் ஆக்சைடோடு நேரடி வேதிப்பிணைப்பு போட்டுக்கொள்கிறது. மேல்பக்கம் மெத்தில்கள் முகம் காட்டுகின்றன. கடைக்காரர் ‘செராமிக்’ என்று கொடுப்பது பெரும்பாலும் இதைத்தான். சூளையில் சுட்ட பீங்கானுக்கும் அதற்கும் உறவு தூரம்.

இன்னொரு வழி எபாக்சியோடு சேர்ப்பது. இதற்கு நம் பக்கத்திலேயே நல்ல ஆராய்ச்சி நடந்திருக்கிறது. கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்தில் எம். அழகர், எஸ். ஆனந்தகுமார் ஆகியோர் 2000-களின் தொடக்கத்திலிருந்து சிலிக்கோன் கலந்த எபாக்சி பூச்சுகளை இரும்பின் மேல் பூசி அரிமானத்தையும், பிறகு கடல் உயிர்கள் ஒட்டுவதையும் சோதித்துக் கட்டுரைகள் வெளியிட்டார்கள். எபாக்சியும் சிலிக்கோனும் தாமாக ஒன்றோடொன்று கலப்பவை அல்ல. ஒரு முனையில் எபாக்சியோடும் மறுமுனையில் சிலிக்கோனோடும் வினைபுரியும் அமினோ சிலேனை நடுவில் வைத்து இரண்டையும் ஒரே பின்னலாக்கினார்கள். எபாக்சி இரும்பைப் பிடித்துக்கொள்கிறது. சிலிக்கோன் நீரை அண்டவிடாமலும், எபாக்சி நொறுங்காமலும் பார்த்துக்கொள்கிறது. இழுவலிமை கொஞ்சம் குறைகிறது, அதுதான் விலை.

இங்கே இயற்கையே ஓர் உதவி செய்கிறது. பூச்சு இறுகுவதற்கு முன், பரப்பு ஆற்றல் குறைந்த கூறு தானாக மேலே ஏறிக் காற்றைப் பார்த்து நிற்கும். எனவே நூற்றுக்குச் சில பங்கு சிலிக்கோன் சேர்த்தாலே மேல்முகம் ஏறக்குறைய முழுச் சிலிக்கோனாகிவிடுகிறது. கூடுதலாகப் போட்டால் கூடுதல் பலன் என்று நினைத்தால் மோசம் போகலாம். ஒரு கட்டத்துக்குப் பின் சிலிக்கோன் தனியே திரண்டு, பூச்சு பிசுபிசுத்து வலுவிழக்கும்.

ஆக, ஒட்டாத பூச்சு என்று பொதுவாக ஒன்று இல்லை. கப்பலுக்கு மென்மையும் தடிமனும் வேண்டும். அடியில் எபாக்சி, நடுவில் இரண்டையும் இணைக்கும் ஓர் அடுக்கு, மேலே சிலிக்கோன் என்று அடுக்கடுக்காகப் போகிறார்கள். பிளாடர் ஒவ்வொரு முறையும் பலூனாக விரிந்து சுருங்குவதால் அதன் பூச்சு விரிசல் விடாமல் கூடவே விரிய வேண்டும். தவாப் பூச்சைப் போட்டால் முதல் ஊதலிலேயே நொறுங்கும். தவாவுக்கு மென்மை கட்டுப்படியாகாது, கரண்டி இருக்கிறது. மென்மையின் உதவி இல்லாததால் தவாப் பூச்சு முழுக்க மெத்தில்களையும், உள்ளே கலந்துவிட்டிருக்கும் சிறிதளவு சிலிக்கோன் எண்ணெயையுமே நம்பியிருக்கிறது.

தவாப் பூச்சின் ஆயுளும் அந்த மெத்தில்கள் இருக்கும்வரைதான். வெறும் தவாவை அடுப்பில் முழுத்தீயில் வைத்தால் சில நிமிடங்களில் 250 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டில் மேல்பரப்பு மெத்தில்கள் மெல்ல ஆக்சிஜனேற்றம் அடைந்து உதிர்கின்றன. அந்த இடத்தில் நீரை விரும்பும் ஹைட்ராக்சில் தொகுதிகள் வருகின்றன. கண்ணுக்குப் பூச்சு அப்படியே இருக்கும், கீறல்கூட இருக்காது. தோசை மட்டும் பிடித்துக்கொள்ளும். வாங்கிய புதிதில் எண்ணெயே இல்லாமல் வழுக்கியது ஒரு வருடத்தில் இப்படி ஆகிவிட்டதே என்று பலர் புலம்புவதன் வேதியியல் இதுதான். நீடித்து உழைப்பதில் டெஃப்லான் பூச்சு இன்னமும் இதை மிஞ்சுகிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கப்பல் பூச்சு போன்ற மென்மையான சிலிக்கோனில் இந்தச் சிக்கல் குறைவு. மேலே சேதமானாலும் உள்ளிருந்து சிறு சங்கிலிகள் ஊறி வந்து மூடிக்கொள்ளும். கடலோர மின்நிலையங்களில் உப்பு படியும் பீங்கான் இன்சுலேட்டர்களுக்குச் சிலிக்கோன் பூசுவது இந்தக் குணத்துக்காகவே.

சிலிக்கோன் எங்கும் வரவேற்கப்படும் விருந்தாளி என்று நினைத்துவிட வேண்டாம். திருவள்ளூர், அம்பத்தூர் பக்கம் வாகன உதிரிபாகத் தொழிற்சாலைகள் நிறைய. எந்த ஊர் பெயின்ட் ஷாப் மேற்பார்வையாளரைக் கேட்டாலும் சிலிக்கோன் என்றதும் முகம் சுளிப்பார். காற்றில் வந்த ஒரு துகள் சிலிக்கோன் பாகத்தின் மேல் விழுந்தால் போதும், அந்த இடத்தில் பெயின்ட் ஒட்டாமல் விலகி மீன்கண் போலப் பள்ளம் விழும். சிலிக்கோன் கலந்த ஹேர் சீரம், கை கிரீம் தடவிக்கொண்டு உள்ளே வரக் கூடாது என்று பல இடங்களில் விதியே உண்டு. டயரிலும் இதே தொல்லை: உட்புறத்தில் தங்கிவிட்ட சிலிக்கோனை நீக்கினால்தான் அங்கே பின்னால் ஒட்டும் சென்சாரோ, பஞ்சர் அடைக்கும் பசையோ நிற்கும்.

ஃபுளோரின் சேர்மங்கள் மேல் உலகம் கட்டுப்பாடுகளை இறுக்குவதால் சிலிக்கோன் கலப்புகளுக்கு இப்போது மவுசு கூடியிருக்கிறது. டெஃப்லான் தயாரிப்பில் நெடுங்காலம் பயன்பட்ட பிஎஃப்ஓஏ அமிலத்தை ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை 2019-ல் ஒழிக்க வேண்டிய பொருட்களின் பட்டியலில் சேர்த்தது. ஆனால் சிலிக்கோனையும் முழு நிரபராதி என்று சொல்ல மாட்டேன். அதன் தயாரிப்பில் வரும் டி4, டி5, டி6 என்ற வளையச் சேர்மங்களை ஐரோப்பிய ஒன்றியம் 2018-ல் மிகுந்த கவலைக்குரியவை என்று பட்டியலிட்டது.

வீட்டில் செராமிக் தவா வைத்திருப்பவர்கள் அதை வெறுமனே காய விடாமல் மிதமான தீயில் பயன்படுத்தினால் கூடுதல் காலம் உழைக்கும். பூச்சுத் தொழில் செய்பவர்களுக்கும், பாலிமர் படிக்கும் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அறிக்கையின் முதல் பக்கத்தில் உருண்டு நிற்கும் நீர்த்துளியின் படத்தைப் போடுங்கள், அழகாகத்தான் இருக்கிறது. பின்வாங்கும்போது அதன் கோணம் என்ன, பூச்சின் விறைப்பும் தடிமனும் என்ன, நூறாவது முறை சூடாக்கிப் பிரித்தபோது எவ்வளவு விசை தேவைப்பட்டது என்ற எண்களையும் பக்கத்திலேயே போடுங்கள். வாங்குபவருக்கு வேண்டியவை அந்த எண்கள்தான்.